ஓடி வருபவர்களின் எண்ணிக்கை

சுவர் எப்போது சரியும் என்று நிமிஷக் கணக்காகத் தெரிந்துவிட்டால், அப்புறம் அதற்கு முட்டுக் கொடுப்பானேன் என்று முதலில் கேட்டவர் யாரோ தெரியாது. குழிக்குள் ஒருநாளும் இறங்காதவர் என்பது மட்டும் நிச்சயம். ஆனாலும் கேட்டுவிட்டார். மறுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராததால் அந்தக் கேள்வியே விதியாகவும் ஆகிவிட்டது.

திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் புதிதாக ஒரு நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. மேலே கட்டடம் வருவதற்கு முன்னால் கீழே சாக்கடைக் குழாய் போக வேண்டும் அல்லவா? பதினாலடி ஆழம், நாலடி அகலம், நீளம் கண்ணுக்கெட்டிய தூரம். கரிசல் மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் ஊதும், இரண்டும் இல்லாத நாளில் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி நிற்கும். அப்படி நிற்கிற நாளில்தான் ஆளைக் காவு வாங்கும்.

முன்பெல்லாம் குழியின் இரு பக்கமும் இரும்புத் தகடுகளை இறக்கி, நடுவில் முட்டுக் கொடுத்த பிறகே ஆள் இறங்க வேண்டும் என்று விதி. அப்படியே நடந்ததா என்பது வேறு கதை. இப்போது அந்தத் தகடுகள் கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றின் இடத்துக்கு மண்கணிப்பான் வந்திருந்தது. குழியோரம் நெடுகக் குத்தி வைத்த கம்பிகள் மண்ணுக்குள் எழும் முணுமுணுப்பைக் கேட்கும். கம்பத்தில் இருக்கும் காமிராக்கள் மேலே நடப்பதைப் பார்க்கும். இரண்டையும் கூட்டிக் கழித்து, இந்தச் சுவர் இன்னும் இத்தனை நிமிஷம் நிற்கும் என்று டேப்லெட்டில் ஓர் எண் காட்டும். நாற்பதும் அதற்கு மேலும் என்றால் தகடு வேண்டாம், இறங்கலாம். ஒரு குழாயைப் போட்டு மண்ணைத் தள்ளி மூட அரை மணி போதும். நாற்பதுக்குக் கீழே என்றால் தகடு இறக்காமல் ஆள் இறங்கக் கூடாது. ஆள் உள்ளே இருக்கும்போது எண் பதினைந்தைத் தொட்டுவிட்டால் சங்கு ஊதும். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஏணியைப் பிடிக்க வேண்டும்.

வேலையாட்கள் அதற்குச் சோசியர் என்று பேர் வைத்துவிட்டார்கள். சாகிற நேரம் சொல்கிறவருக்கு வேறென்ன பேர் வைப்பது?

அந்த டேப்லெட்டைக் கையில் வைத்திருந்தவள் செல்லக்கனி. வயது நாற்பத்தொன்று, விருதுநகர்க்காரி, பதினாறு வருஷமாகக் குழிவேலையில் பாதுகாப்பு மேற்பார்வை. யாரையும் அடித்துப் பேச மாட்டாள், ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றினால் விட மாட்டாள். சோலைமலை மேஸ்திரியின் செட்டு, உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் இருபத்திரண்டு பேர், அவளிடம் மரியாதையாகவே இருந்தார்கள். அந்த மரியாதை தனக்குத் தகுதியானதுதானா என்று அவளுக்கு இரண்டு வருஷமாக ஒரு சந்தேகம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் சோசியர் தப்பாகச் சொல்லிவிட்டார். காலை பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. எண் பதினைந்து. உள்ளே பரமன் மட்டும் இருந்தான். பதினைந்து நிமிஷம் என்பது ஒரு டீ குடித்துவிட்டு ஏறுகிற நேரம். ஆனால் மூன்றே நிமிஷத்தில் குழியின் உதடு அரை லாரி மண்ணோடு உடைந்து விழுந்தது. பரமன் இடுப்பு வரை புதைந்தான், கூடவே மேலே நின்ற இரண்டு பேரும் விழுந்தார்கள். கையால் பறித்துப் பறித்து மூன்று பேரையும் எடுத்தார்கள். பரமனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. போயிற்று என்று எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரிகிறது. அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கணிப்பானைச் செய்த கம்பெனியிலிருந்து தினகர் என்ற பொறியாளர் வந்தான். வந்தவன் மண்ணைப் பார்க்கவே இல்லை. காமிராப் பதிவை மட்டும் நாலு முறை போட்டுப் பார்த்தான்.

"மேடம், சங்கு ஊதினதும் எத்தனை பேர் விளிம்புக்கு ஓடி வந்தாங்கன்னு பாத்தீங்களா?"

"எண்ணல. எல்லாருந்தான் ஓடியாந்தாங்க."

"பதினேழு பேர். கை குடுத்துத் தூக்கிவிட. பதினேழு பேர் எடை, அதுவும் ஓடி வந்து நிக்கிற எடை. அதத்தான் விளிம்பு தாங்கல. சோசியர் சொன்னது சரி மேடம். யாரும் கிட்டப் போகாம இருந்திருந்தா பதினஞ்சு நிமிஷம் நின்னிருக்கும்."

"அது எப்படிங்க போகாம இருப்பாங்க? உள்ள ஆள் இருக்கே!"

தினகர் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். "நாங்க சோதனைக் குழியிலதான் இதுக்குப் பழக்குனோம். உள்ள மண்மூட்டைய வச்சிருந்தோம். மண்மூட்டைக்குக் கை குடுக்க யாரும் ஓடி வரல."

செல்லக்கனி குழியிலிருந்து ஆறடி தள்ளிச் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு போட்டாள். இதைத் தாண்டி ஒருத்தரும் வரக் கூடாது என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் ஒருவன் ஏணியில் கால் தடுக்கி ஐயோ என்றான், அவ்வளவுதான், பன்னிரண்டு பேர் கோட்டைத் தாண்டி நின்றார்கள். அதில் செல்லக்கனியும் ஒருத்தி.

ஆகவே தினகர் கணிப்பானையே மாற்றினான். இனி மண்ணை மட்டும் கேட்டால் போதாது, உள்ளே இருப்பது யார், அவருக்கு ஒன்று என்றால் எத்தனை பேர் ஓடி வருவார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இரண்டு மாதப் பதிவு கைவசம் இருந்தது. யார் இருமினால் யார் திரும்புகிறார், யார் கூப்பிட்டால் யார் மண்வெட்டியைக் கீழே போடுகிறார், எத்தனை எட்டு வைக்கிறார், எல்லாம் அதில் இருந்தன. வாயால் சொல்வதைச் சோசியர் காதில் வாங்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

முதல் நாள் பெரிய கூத்து. ஒவ்வொருவராகக் கோட்டோரம் நிறுத்தி, இவர் இறங்கினால் எத்தனை நிமிஷம் என்று பார்த்தார்கள். பரமனுக்கு இருபத்தி மூன்று. அவன் மச்சினன் ஒருவனுக்கு முப்பத்தி ஒன்று. மேஸ்திரிக்குப் பதினாறு. குறைந்த எண்தான் பெருமை என்று உடனே புரிந்துகொண்டார்கள்.

"முப்பத்தொண்ணாம்ல! ஏலே, ஒம் பொண்டாட்டியே ஓடியார மாட்டா போலருக்கே!"

"அவ ஓடியாருவா, இன்னுங் கொஞ்சம் மண்ணத் தள்ளிவிட!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதுவரை நின்ற எல்லாருக்கும் நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டதால் துருப்பிடித்த தகடுகளுக்கு மறுவாழ்வு வந்தது. பொக்லைன் அவற்றைச் சங்கிலி கட்டித் தூக்கி வந்து இறக்கியது. செல்லக்கனிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தகட்டுக்கு நடுவே நிற்கிறவனைப் பார்த்தால் வீட்டுக்குள் நிற்கிறவனைப் பார்ப்பது போல இருக்கும் அவளுக்கு.

கடைசியாக, அதே செட்டைச் சேர்ந்த அய்யங்காளை வந்து நின்றார். எண் ஐம்பத்திரண்டு.

யாரும் சிரிக்கவில்லை. சோலைமலை வெற்றிலையைத் துப்பிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அய்யங்காளை எண்ணைப் பார்த்தார், சரிதான் என்பது போலத் தலையை அசைத்தார், தன் கடப்பாரையை எடுத்துக்கொண்டார்.

இனி அந்தச் சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு குழியில், சோசியர் வருவதற்கு முன்னால், முத்திருள் என்பவன் மேல் சுவர் விழுந்தது. முத்திருள் மேஸ்திரியின் தங்கச்சி ஒச்சம்மாளின் புருஷன். அய்யங்காளைக்கு உயிர்ச் சிநேகிதன், ஒரே தூக்குவாளியில் சோறு தின்றவர்கள். மற்றவர்கள் எல்லாம் தூரத்தில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். செட்டு ஓடி வந்து சேர்ந்தபோது கண்டது இதுதான்: கழுத்தளவு மண்ணில் முத்திருள் கிடந்த இடம் மறுபடி சரிந்து மூடியிருந்தது, மேலே அய்யங்காளை இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பாத்துக்கிட்டு நின்னாண்டா என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு சொல் போதாதா? அன்றிலிருந்து செட்டில் யாரும் அவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேறு செட்டுக்கும் அவர் போகவில்லை. மத்தியானம் மட்டும் தனியாக, பொக்லைன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

அவர்கள் காணாதது ஒன்று உண்டு. முதல் சுவர் விழுந்ததும் அய்யங்காளை குதிக்கத்தான் போனார். அவர் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, இறங்காதீங்க, இறங்குனா நீங்களும் போயிருவீங்க என்று கத்தியவள் செல்லக்கனி. சட்டை கிழிந்தது, அவள் விடவில்லை. பத்து எண்ணுவதற்குள் எதிர்ச் சுவரும் விழுந்தது. அப்புறம் அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சிக்னல் தேடி ரோட்டுப் பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது பழி விழுந்து முடிந்திருந்தது.

அவள் செய்தது சரி. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் சரி என்றுதான் இருக்கும். ஆனால் அதைச் செட்டுக்கு முன்னால் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். சொன்னால் பழி தன் பக்கம் திரும்பும், ஒச்சம்மாள் முகத்தைப் பார்க்க முடியாது, ஆட்கள் தன் பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்று பயந்தாள். அய்யங்காளையிடம் ஒருமுறை கேட்டாள், நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்று. "சொல்லி என்னங்க ஆகப்போகுது? உள்ள கெடந்தது அவன். மேல நின்னது நானு. அதுல பொய் இல்லையே" என்றார். அவருடைய பெருந்தன்மையில் அவள் இரண்டு வருஷம் ஒளிந்துகொண்டாள். இதைவிடக் குறைத்துச் சொல்ல வழியில்லை.

அந்த ஐம்பத்திரண்டை முதலில் கவனித்தவர் திட்ட மேலாளர் கங்காதரன். கெட்ட மனிதர் இல்லை, அவசரத்தில் இருக்கும் மனிதர். அவசரம் பல சமயம் அதைவிடக் கெடுதல்.

"தகடு போட்டா ஒரு நாளைக்கு நாலு குழாய். போடாட்டி பதினொண்ணு. அய்யங்காளைய வச்சுத் தனியா ஒரு பக்கம் வேலைய ஓட்டுங்க" என்றார்.

"சார், பதினாலடிக் குழி. அம்பத்தாறு வயசு. ஒத்தையா?"

"நீங்களே சொல்லுங்க, அம்பத்திரண்டுங்கிறது தப்பான நம்பரா?"

தப்பில்லைதான். அதுதான் அவளைக் கொன்றது. அவள் தினகரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு மட்டும் எப்படிப்பா அம்பத்திரண்டு வரும்? அதே குழி, அதே மண்ணு."

"அவருக்காக ஓடி வர்றது ஒரே ஒரு ஆள்தான்னு கணக்கு மேடம். விளிம்புல பாரமே இல்ல. அதனால சுவர் கூட நேரம் நிக்கும்."

"அந்த ஒரு ஆள் யாரு?"

"நீங்க."

செல்லக்கனி டேப்லெட்டைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள், "அப்ப, நாதியத்தவன்னா பத்திரமா இருப்பான்னு சொல்லுது உங்க மிஷினு?"

"அது அப்படிச் சொல்லல மேடம். நிமிஷத்தத்தான் சொல்லுது. மத்தத நம்மதான் சொல்லிக்கிறோம்" என்றான் தினகர். அவனுக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நம்பர மாத்தணும்னா ஒரே வழி, அவருக்காக நாலு பேர் ஓடணும். ஒத்திகை வச்சுப் பாருங்க."

ஒத்திகை வைத்தாள். அய்யங்காளையை ஏணியில் நாலு படி இறக்கி நிறுத்தி விசில் ஊதினாள். மேடம் சொல்லிவிட்டாரே என்று செட்டு முழுவதும் ஓடியது. கோயில் மண்டகப்படிக்கு நன்கொடை கேட்டு வந்தவனுக்குக் கொடுப்பது போன்ற ஓட்டம். எண் ஐம்பத்திரண்டிலேயே நின்றது. மூன்று முறை ஊதினாள். மூன்றாம் முறை ஐம்பத்து மூன்று ஆயிற்று.

"நடிப்பு தெரியுதுங்க சோசியருக்கு" என்றான் பரமன், கட்டுப் போட்ட தோளைத் தடவிக்கொண்டு.

அய்யங்காளை நாலு நாள் தகடில்லாத குழியில் தனியாக வேலை செய்தார். ஒன்றும் ஆகவில்லை. நாளுக்கு ஏழு குழாய். கங்காதரனுக்கு ஒரு யோசனை தோன்ற அது போதாதா? ஐந்தாம் நாள் காலை அவர் செல்லக்கனியைக் கூப்பிட்டு ஒரு பட்டியலைக் காட்டினார். மற்ற தளங்களிலிருந்து எட்டுப் பேர். நேற்று ரயிலில் வந்து இறங்கியவர், சிறையிலிருந்து வந்தவர், பேச்சு வராதவர், யாரோடும் சேராதவர். எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல்.

"நாளைக்குக் காலையில வேன்ல வந்துருவாங்க. இவங்களுக்குத் தகடே தேவைப்படாது" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

செல்லக்கனி பட்டியலை இன்னொரு முறை படித்தாள். இன்றைக்கு எட்டு. அடுத்த மாதம் எண்பது. ஓடி வர ஆளில்லாதவர்களைத் தேடித் தேடிப் பொறுக்கி எடுத்துக் குழிக்குள் விடுவார்கள், எல்லாம் விதிப்படி நடக்கும், எண்ணும் சரியாகவே இருக்கும். சோசியர் என்றைக்காவது இன்னொரு தப்புச் செய்யும் நாளில் கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க ஒருத்தர் இருக்க மாட்டார். இதற்கு ஆரம்பம் அய்யங்காளை. அய்யங்காளைக்கு ஆரம்பம் தன் வாய். இதற்கு மேல் தள்ளிப்போட அவளுக்கு நாள் இல்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் போய் நடுவில் நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் கழற்றி அவர்கள் பார்த்ததில்லை.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முத்திருள் போன அன்னைக்கு அய்யங்காளையண்ணன் சும்மா நிக்கல. குதிக்கப் போனாரு. நாந்தான் சட்டையப் பிடிச்சு இழுத்தேன். சட்டை கிழிஞ்சிச்சு, நான் விடல. அவரு இறங்கியிருந்தா ரெண்டு பொணத்தத்தான் எடுத்திருப்போம். ஆனா நின்னது அவரு இல்ல, நிறுத்தினது நானு. இத அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயத்துல சொல்லல."

சோலைமலை சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். ஒச்சம்மாள்தான் எழுந்தாள். மண்சட்டி சுமக்கிறவள், முப்பத்தைந்து வயதில் முடி பாதி நரைத்தவள். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள்.

"நீங்க எம் புருசன விட்டுட்டீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு உசுராவது மிஞ்சுச்சு, அது சரிதான்" என்றாள். "ஆனா ரெண்டு வருசமா ஒரு மனுசன் அந்த மிசினு நெழல்ல ஒத்தையில ஒக்காந்து சோறு திங்கிறாரு. அத நாங்க தெரியாமப் பாத்தோம். நீங்க தெரிஞ்சே பாத்தீகளே, அது எப்பிடிங்க முடிஞ்சிச்சு?"

செல்லக்கனி ஹெல்மெட்டை மாரோடு அணைத்துக்கொண்டாள். அழுதாள். யாரும் சமாதானம் சொல்லவில்லை. சோலைமலை மட்டும், "சாப்பாட்டு நேரத்துல சொல்ற பேச்சா இது" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். சாப்பாடு அன்றும் யாருக்கும் இறங்கவில்லை.

மறுபடி வேலை தொடங்கியது. அய்யங்காளை கொட்டகைப் பேச்சு எதையும் அறியாமல் தன் குழியில் இறங்கினார். எண் ஐம்பத்திரண்டு. செல்லக்கனி வெள்ளைக் கோட்டில் நின்றுகொண்டாள். உள்ளே குழாய்க்குப் படுகை ஒழுங்கு செய்யும் சத்தம் கேட்டது. அரைமைல் தூரத்தில், தகடு போட்ட குழியோரம் ஒச்சம்மாள் மண் சுமந்துகொண்டிருந்தாள் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் இருபதடிதான். இத்தனை நாளும் இருபதடிதான்.

மூன்று மணி வாக்கில் சுவரிலிருந்து பானையளவு கட்டி ஒன்று பெயர்ந்து அய்யங்காளையின் கெண்டைக்காலில் விழுந்தது.

"ஆத்தே!" என்ற சத்தம் மட்டும் மேலே வந்தது.

சட்டி விழுந்த சத்தம் அதற்கு அடுத்து. ஒச்சம்மாள் ஓடி வந்துகொண்டிருந்தாள். யோசித்து ஓடுகிற ஓட்டம் இல்லை அது. யோசித்திருந்தால் இரண்டு வருஷம் குறுக்கே வந்திருக்கும். அவளுக்குப் பின்னால் சோலைமலை, வேட்டியைத் தூக்கிக் கட்டக்கூட நிற்காமல். அதற்குப் பின்னால் பரமன், ஒற்றைக் கையோடு. அப்புறம் யார் யார் என்று பார்க்கச் செல்லக்கனிக்கு நேரமில்லை. கையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து. முப்பத்தெட்டு. இருபத்தேழு.

அவள் டேப்லெட்டைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். ஓடி வந்த ஒச்சம்மாளை மாரோடு சேர்த்துப் பிடித்தாள்.

"கோடு! கோட்டத் தாண்டாதீங்க! ஒங்க பாரத்துலதான் சுவர் விழும், அவர் மேலதான் விழும்!"

ஒச்சம்மாள் திமிறினாள், பிறகு நின்றாள். அவள் நின்றதால் சோலைமலை நின்றார். சோலைமலை நின்றதால் எல்லோரும் நின்றார்கள். ஆறடி தள்ளி, வெள்ளைக் கோட்டின் மேல், ஒரு சுவர் மாதிரி வரிசையாக இருபத்தோரு பேர். சங்கு ஊத ஆரம்பித்தது.

"ஏறி வாங்கண்ணே!" என்று ஒச்சம்மாள் தொண்டை கிழியக் கத்தினாள். "ஏணியப் பிடிச்சு ஏறி வாங்க! நாங்க இங்கினதான் நிக்கிறோம்!"

"வெரசா வாடா காளை!" என்றார் சோலைமலை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரைச் சொல்கிறார். உள்ளே கடப்பாரை கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு ஏணி கிறீச்சிட்டது. ஒரு காலை இழுத்துக்கொண்டு, படி படியாக, அய்யங்காளையின் தலை மேலே வந்தது. கோட்டின் மேல் நின்றவர்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். என்னவோ தப்புச் செய்துவிட்டவர் போல முழித்தார். கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும்தான் அவரைத் தொட்டார்கள். தொட்டவர்கள் சீக்கிரம் விடவில்லை.

சுவர் விழவில்லை. அன்று சாயங்காலம் வரை விழவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. தினகர் கீழே கிடந்த டேப்லெட்டை எடுத்துத் தூசியைத் தட்டிப் பார்த்தான். அய்யங்காளைக்கு நேரே எண் பதினான்கு என்று இருந்தது. மேஸ்திரியின் எண்ணைவிட இரண்டு குறைவு.

ஒச்சம்மாள் அவர் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "ராத்திரிக்கு எங்க வீட்டுல சோறு" என்றாள். அவர் தலையாட்டினார், அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன் வந்தது. எட்டுப் பேர் இறங்கினார்கள். கையில் ஒரு பை, முகத்தில் எந்த ஊர் இது என்ற கேள்வி. கங்காதரனே நேரில் வந்திருந்தார். அய்யங்காளையின் எண் போய்விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். போனால் போகட்டும், எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

"இந்த ஒடிசாக்காரர நிறுத்துங்க. நேத்துத்தான் வந்தாரு. இங்க ஈ காக்காயத் தெரியாது" என்றார்.

ஒடிசாக்காரர் கோட்டோரம் வந்து நின்றார். செல்லக்கனி எண்ணைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"பதினஞ்சு சார்."

"என்னது? அங்க அம்பத்தெட்டு இருந்துச்சே. சரி, அடுத்த ஆள்."

அடுத்த ஆளுக்கும் பதினைந்து. மூன்றாவது ஆளுக்குப் பதினைந்து. எட்டுப் பேரையும் நிறுத்திப் பார்த்தாயிற்று. எட்டுப் பேருக்கும் அதே பதினைந்து.

"மிஷின் கெட்டுப்போச்சு!" என்றார் கங்காதரன்.

தினகர் டேப்லெட்டை வாங்கி உள்ளே போய்ப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"கெடல சார். முன்னாடி அது உள்ள யார் இருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் கணக்குப் போடும். நேத்து மூணு மணில இருந்து அத பாக்குறத விட்டுருச்சு."

"ஏன்?"

"பாத்தாலும் பாக்காட்டியும் ஒரே விடைதான் வருது. வேண்டாத ஆளுக்கே அந்த ஓட்டம் ஓடினவங்க, தெரியாத ஆளுக்கு ஓட மாட்டாங்கன்னு கணக்குப் போட அதுக்கு வழி இல்ல சார். நேத்து கோட்டுலயே நின்னாங்களே, எப்பவும் அப்படி நிப்பாங்கன்னும் அது நம்பல. யார் இறங்கினாலும் இந்தச் செட்டு வரும்னு முடிவு பண்ணிருச்சு."

கங்காதரன் திரும்பி அந்தச் செட்டைப் பார்த்தார். அவர்கள் பாட்டுக்கு மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு என்ன தோன்றியதோ தெரியாது. பெருமூச்சு விட்டார்.

"தகட்ட எறக்குங்க" என்றார். "எல்லாக் குழிக்கும்."

பொக்லைன் உறுமிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனது. அய்யங்காளை நொண்டிக்கொண்டே சங்கிலியை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தார். செல்லக்கனி கோட்டின் சுண்ணாம்பு அழிந்த இடத்தைப் புதிதாக இழுக்கக் குனிந்தாள். சோலைமலை வெற்றிலைப் பையை மடியில் செருகிக்கொண்டு, இன்னும் கோட்டோரமே நின்றுகொண்டிருந்த ஒடிசாக்காரரிடம் போனார்.

"ஏப்பா," என்று அப்போதுதான் கேட்டார், "ஒம் பேரு என்ன?"